பேரன் திரும்பிப் பார்க்கவில்லை... ஆச்சிக்கு மட்டும்தான் புரிந்தது!

கல்யாண வீட்டிலிருந்து போன் வந்தபோது காலை ஐந்தரை மணி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் முகூர்த்தம்.

"என்ன ஆச்சி, அறுபது கட்டு அப்பளம் சொல்லியிருந்தோம். இருபதுதானே வந்திருக்கு?" என்று சமையல்காரர் கத்தினார். அவர் கத்தியதால்தான் ஆச்சிக்கு அது கேட்டது.

"அன்னைக்கு டவரு சரியா கிடைக்கல தம்பி" என்று சமாளித்தார் ஆச்சி.

டவர் நன்றாகத்தான் கிடைத்திருந்தது. ஆச்சிக்குத்தான் காது கேட்கவில்லை. அது அவருக்குத் தெரிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கல்லிடைக்குறிச்சி என்றாலே அப்பளம். தாமிரபரணித் தண்ணீரில் பிசைந்தால்தான் அந்த ருசி வரும் என்பார்கள். ஆச்சி முப்பது வருடமாக அப்பளம் இடுகிறவர். கணவர் இறந்த பிறகு அதையே தொழிலாக்கி, தெருவில் நாலு பெண்களுக்கு வேலை கொடுத்து, மகனைப் படிக்க வைத்து, மகளைக் கட்டிக்கொடுத்தவர். வயது 66. ஆர்டர் எல்லாம் போனில்தான் வரும். அந்த முகூர்த்தத்துக்குப் பிறகு போனை மருமகள் கையில் கொடுத்துவிட்டார். "எனக்குக் கணக்கு வழக்கெல்லாம் மறந்துபோகுது" என்று காரணம் சொன்னார். மறதி என்று சொல்வதற்கு அவருக்குக் கூச்சமில்லை. செவிடு என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

சிரிக்கிற நேரத்தில் சிரித்து...

காது மந்தமானவர்கள் அதை மறைக்கக் கற்றுக்கொள்ளும் வித்தைகள் நிறைய. ஆச்சிக்கும் அவை கைவந்திருந்தன. பேசுகிறவரின் வாயையே பார்ப்பார். எல்லோரும் சிரிக்கும்போது சிரிப்பார். கேள்வி என்று தெரிந்தால் "ஆமா", சேதி என்று தெரிந்தால் "அப்படியா". இரண்டும் புரியாவிட்டால், "இரு, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று எழுந்துவிடுவார்.

வெற்றிலை டப்பாவோடு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கதை பேசுகிறவர், திண்ணைக்கு வருவதை நிறுத்தினார். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார். டி.வி. சத்தத்தை மட்டும் கூட்டினார். பிளஸ் டூ படிக்கும்போது பேத்தி, "ஆச்சி, தெரு முனை வரைக்கும் சீரியல் கேக்குது" என்று சண்டை போட்டாள். இப்போது அவளுக்கு 24 வயது. வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"சத்தம் கேக்கத்தான் செய்யுது. சொல்லுதான் விளங்கல." ஆச்சி தனக்குத்தானே சொல்லிக்கொள்வது இதைத்தான். அதில் உண்மை இருந்தது. வயதாகும்போது காது ஒரேயடியாக அடைத்துக்கொள்வதில்லை. உள்காதில் இருக்கும் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் செல்கள். ச, த, க, ப போன்ற எழுத்துகளின் கூர்மை அந்த ஒலிகளில்தான் இருக்கிறது. அதனால் யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது குழம்பும். 'அறுபது' 'இருபது' ஆவது இப்படித்தான்.

இது ஆச்சி ஒருவரின் கதையல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுக்க சுமார் 43 கோடிப் பேருக்கு சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் இந்தச் சிக்கலோடு வாழ்கிறார்கள். மார்ச் 3-ம் தேதியை உலக செவித்திறன் நாளாகவும் கடைப்பிடிக்கிறார்கள்.

ஆனால் ஆச்சி அதை மறைத்ததற்கு வயது மட்டும் காரணமில்லை. அதற்குப் பின்னால் ஒரு தம்பி இருந்தான்.

வயலுக்கு அனுப்பப்பட்ட தம்பி

ஆச்சியின் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கேட்காததால் பேச்சும் வரவில்லை. தொண்டையிலோ நாக்கிலோ ஒரு குறையும் கிடையாது. காதில் விழாத மொழியைக் குழந்தை எப்படிப் பேசும்? இது அன்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "ஊமை" என்றே கூப்பிட்டார்கள். கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை, அக்காவுக்குக் கேட்டது.

1970 வாக்கில் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "பாளையங்கோட்டையில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. அங்கேயே தங்கிப் படிக்கலாம். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்து, கைத்தொழிலும் பழக்குவாங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1890-களில் பாளையங்கோட்டையில் காது கேளாத குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. இந்தியாவில் காது கேளாதோருக்காக எழுந்த மிகப் பழைய பள்ளிகளில் ஒன்று. இன்றும் அவர் பெயரிலேயே மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. நாட்டின் பல பெரிய நகரங்களில் இப்படி ஒன்று வருவதற்கு முன்பே தாமிரபரணிக் கரையில் அது வந்துவிட்டது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான்.

அப்பா அனுப்பவில்லை. "ரெண்டு பொம்பளப் பிள்ளைய வீட்ல இருக்கு. இவன அங்க சேத்தா ஊருக்கே தெரிஞ்சுபோகும். நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்றார். வாத்தியார் காபி குடிக்காமல் எழுந்து போனது ஆச்சிக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சில வருடம் கழித்து ஆச்சியைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று காலையிலேயே தம்பியை மாட்டோடு ஆற்றங்கரை வயலுக்கு அனுப்பிவிட்டார்கள். பஜ்ஜியும் கேசரியும் அவனுக்கென்று எடுத்துவைத்தது யாரோ தின்றுபோனார்கள். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தம்பி கடைசிவரை மாடு மேய்த்தான். ஐம்பது வயதில் காய்ச்சலில் போனான். எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டபோது அவனால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குள் பழகிய பத்துப் பதினைந்து சைகைகளைத் தவிர அவனுக்கு எந்த மொழியும் இல்லை. தன் பெயரை எழுதவும் தெரியாது.

இப்போது பேத்திக்கு வரன் பார்க்கும் நேரத்தில், 'தம்பிக்கும் கேக்காது, அக்காவுக்கும் கேக்காது, குடும்பத்துலயே அது இருக்கு' என்று யாராவது சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் ஆச்சி வாயைத் திறக்கவில்லை. அப்பா தம்பியை மறைத்த அதே காரணத்துக்காக, ஆச்சி தன்னை மறைத்தார்.

கீழே விழுந்த தாம்பாளம்

மகள் இருப்பது சேரன்மகாதேவியில். ஆச்சியின் அண்ணன் மகனுக்கே கொடுத்திருந்தார்கள். சொத்தும் சொந்தமும் வெளியே போகக் கூடாது என்று பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். மகளுக்கு ஒரே பையன். ஒரு வயது பத்து மாதம். ஆடி மாதம் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

காயவைத்த அப்பளங்களை ஆச்சி அடுக்கிக்கொண்டிருந்தார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து உடைந்த அப்பளங்களை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தான். பரணில் இருந்து மருமகள் எடுத்த பித்தளைத் தாம்பாளம் கை நழுவிச் சிமென்ட் தரையில் விழுந்தது. வீடே அதிர்ந்தது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. காது மந்தமான ஆச்சிக்குக்கூட நெஞ்சு திடுக்கென்றது.

பேரன் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பளத்தின் மேல் இன்னொரு அப்பளத்தை வைத்தான்.

ஆச்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் எதிரே வந்து ஏதோ சொன்னாள். பையன் தலையைத் தூக்கி அம்மாவின் வாயைப் பார்த்தான். கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தான். அந்தப் பார்வை ஆச்சிக்கு நன்றாகத் தெரியும். நாலு வருடமாக அவரே பார்க்கிற பார்வை அது. அதற்கும் முன்னால் தம்பி பார்த்த பார்வை.

அடுத்த மூன்று நாளும் யாரும் இல்லாத நேரத்தில் ஆச்சி சோதித்தார். பேரனுக்குப் பின்னால் போய் நின்று செம்பைக் கரண்டியால் தட்டினார். நிழல் விழாமல், தரை அதிராமல், கவனமாக நின்றார். அவன் திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவில்லை. முன்னால் வந்து கை நீட்டியதும் சிரித்துக்கொண்டு ஓடி வந்தான்.

நாலாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார்.

"பிள்ளைக்குக் காது கேக்கல."

மகளின் முகம் மாறியது. "என்னம்மா இப்படிச் சொல்லுத? ஆம்பளப் பிள்ள, மெதுவாத்தான் பேசுவான். அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினாவளாம்."

"பேசுறதச் சொல்லல. கேக்கறதச் சொல்லுதேன்."

"அத்தை, நீங்க சும்மா பயங்காட்டாதீங்க" என்றாள் மருமகள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆச்சி கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தார். "எனக்கும் கேக்கல. அதான் தெரியும்" என்றார்.

"ஊரு பேசுறது எனக்குத்தான் கேக்காதே!"

சேதி சேரன்மகாதேவிக்குப் போனது. அண்ணனும் மதினியும் மருமகனும் மறுநாளே வந்தார்கள். மதினிக்கு ஆத்திரம். "மாசமா இருக்கும்போது கிரகணத்தன்னைக்கு வெளிய வந்திருப்பா. இப்ப எங்க பிள்ளைக்குக் குறைன்னு சொல்லுதீக" என்றார். மகள் தலையைக் குனிந்து அழுதாள். ஒரு பிள்ளைக்கு ஏதாவது என்றால் முதலில் தாயைத்தான் கூண்டில் நிறுத்துவார்கள்.

"ஆஸ்பத்திரிக்கெல்லாம் இப்ப வேண்டாம். மூணு வயசு ஆகட்டும். வெளிய தெரிஞ்சா ஊரு என்ன பேசும்?" என்றார் அண்ணன்.

"ஊரு பேசுறது எனக்குத்தான் கேக்காதே அண்ணே" என்றார் ஆச்சி.

பேத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆச்சி சிரிக்கவில்லை.

"அண்ணே, தம்பியப் பக்கத்துல இருந்து பாத்தது நாம ரெண்டு பேரும்தான். அந்த வாத்தியாரு வந்தப்ப நீயும் திண்ணையிலதான் நின்ன, நானும் கதவு மறைவுல நின்னேன். ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. அவன வயலுக்கு அனுப்பிட்டுத்தான் நான் தாலி கட்டிக்கிட்டேன். இவனையும் அப்படி அனுப்பச் சொல்லுதியா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மருமகன்தான் பேசினான். "எப்ப போகணும் அத்தை?"

"நாளைக்குக் காலை ரயிலுக்கு. பிள்ளையக் காட்டிட்டு என்னையும் காட்டுங்க."

ஒலிப்பெட்டி அறையில்

செங்கோட்டையிலிருந்து வரும் பாசஞ்சர் ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினார்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் முதலில் பேரனின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு சின்ன ரப்பர் முனையைக் காதில் வைத்து ஒரு சோதனை. உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று அது சொல்லும். அதற்கடுத்து 'பெரா' சோதனை. தூங்குகிற குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன ஒயர்களை ஒட்டி, ஒலி மூளை வரை போகிறதா என்று கணினியில் பார்ப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. குழந்தை "கேட்குது" என்று சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பிறந்த குழந்தைக்குக்கூட இதைச் செய்யலாம் என்று மருத்துவர் சொன்னபோது மகள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருடம் வீணாகப் போய்விட்டதே என்ற கணக்கு அவள் கண்ணில் ஓடியது.

சாதாரணமாக நாம் பேசுவது சுமார் 60 டெசிபல். பேரனுக்கு 90 டெசிபலிலும் இரண்டு காதிலும் பதில் இல்லை.

"கிரகணத்தாலயா டாக்டர்?" என்று மகள் மெல்லக் கேட்டாள்.

"இல்லம்மா. கிரகணத்துக்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார் மருத்துவர். பிறகு குடும்ப விவரம் கேட்டு ஒரு தாளில் கோடு போட்டார். ஆச்சியின் தம்பி, அண்ணன், அண்ணன் மகன், ஆச்சி மகள். பிறவிக் கேளாமையில் பெரும் பங்கு மரபணு வழியாக வருவது. சில மரபணுக் குறைகள் ஒருவரிடம் வெளியே தெரியாமலேயே இருக்கும். நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது இரண்டு பக்கமும் அதே குறை இருக்க வாய்ப்பு கூடும். இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வரும். "இதுல அம்மா பாவமும் இல்லை, அப்பா பாவமும் இல்லை. அடுத்த பிள்ளைக்கு முன்னால ஒரு மரபணு ஆலோசனை எடுத்துக்கோங்க" என்றார். மதினி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆச்சியை ஒலிபுகாத கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே வந்த ஆடியோகிராம் படத்தில் கோடு மலையிலிருந்து இறங்குவது போல வலது பக்கம் சரிந்திருந்தது. வயதால் வந்த கேளாமை. "பேரனுக்கு இருக்கறது வேற, உங்களுக்கு இருக்கறது வேற. தம்பிக்கும் உங்களுக்கும்கூட முடிச்சுப் போட வேண்டாம்" என்றார் மருத்துவர்.

நாலு வருடமாகப் பயந்த பயம் ஒரு வரியில் முடிந்துபோனது. முன்பே வந்திருந்தால் முன்பே முடிந்திருக்கும்.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். காது கேட்கவில்லை என்று வருகிற எல்லோருக்கும் கருவி தேவைப்படாது. சிலருக்குக் குறும்பி அடைத்திருக்கும், சுத்தம் செய்தாலே போதும். சீழ் வடிந்து செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் பல நேரம் அறுவை சிகிச்சையில் அடைத்துவிடலாம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். இரண்டொரு நாளுக்குள் வந்தால் மருந்தில் மீள வாய்ப்புண்டு, ஒரு மாதம் கழித்து வந்தால் கஷ்டம். ஊக்கும் கொண்டை ஊசியும் காய்ச்சின எண்ணெயும் காதுக்குள் போகவே கூடாது.

வரும் வழியில் அந்தப் பள்ளியைப் பார்க்க வேண்டும் என்றார் ஆச்சி. வாசலில் சீருடைப் பிள்ளைகள் நாலைந்து பேர் கைகளால் வேகவேகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஏதோ சொல்ல, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆச்சி சாலையின் எதிர்ப்பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். தம்பி யாரோடும் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

டிராயருக்குள் பத்து நாள்

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி இரண்டு. சீட்டுப் பணத்தில் ஆச்சி வாங்கினார். முதல் நாளே கழற்றி டிராயரில் வைத்தார்.

"மனுஷன் போட முடியுமா இத? காத்தாடி இரையுது, கரண்டி இரையுது, காகிதத்த மடிச்சாக்கூட இடி இடிக்குது!"

பலர் கருவியைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். வருடக்கணக்கில் அந்தச் சின்னச் சத்தங்களைக் கேட்காத மூளை, எதை ஒதுக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை மறந்திருக்கும். கண்ணாடி போல மாட்டியதும் தெளிந்துவிடாது. முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு பேசி, தினமும் நேரத்தைக் கூட்டி, ஒன்றிரண்டு முறை போய் ஒலி அளவைச் சரிசெய்துகொண்டால் சில வாரங்களில் பழகிவிடும்.

அதைச் சொல்லியும் ஆச்சி கேட்கவில்லை. பத்து நாள் டிராயரிலேயே இருந்தது.

பேரனுக்கும் கருவி கொடுத்திருந்தார்கள். காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சைக்கு முன்னால் சில மாதம் அதை மாட்டிப் பார்ப்பது வழக்கம். அவன் மாட்டிய வேகத்தில் பிடுங்கி எறிந்தான். மகள் மாட்ட, அவன் பிடுங்க, இரண்டு பேரும் அழுதார்கள். ஒருநாள் அந்தக் கருவி தண்ணீர் வாளியில் விழப்போனது.

ஆச்சி எழுந்து போய் டிராயரைத் திறந்தார். பேரன் முன்னால் வந்து உட்கார்ந்தார். முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினார். தன்னுடையதை நிதானமாக மாட்டினார். பேரன் கையை நிறுத்திப் பார்த்தான். தொட்டுப் பார்த்தான். ஆச்சி அவனுடையதை எடுத்து அவன் காதில் மாட்டினார். அவன் பிடுங்கவில்லை.

அன்றிலிருந்து காலையில் பல் தேய்த்ததும் இரண்டு பேருக்கும் அதுதான் முதல் சோலி. அவன் பிடுங்கக் கூடாதென்றால் ஆச்சியும் கழற்றக் கூடாது. அப்படித்தான் ஆச்சிக்குக் கருவி பழகியது. ஒருநாள் காலையில் வாசலில் நின்றவர், "ஏட்டி, இது என்ன சத்தம்?" என்று பேத்தியைக் கேட்டார். தவிட்டுக் குருவி. நாலு வருடமாக அது அங்கேதான் கத்திக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்த நாள்

காக்ளியர் இம்ப்ளாண்ட் என்பது கேட்காத உள்காதைத் தாண்டி, செவி நரம்புக்கே ஒலியை மின் துடிப்பாகக் கொடுக்கும் கருவி. ஒரு பகுதியை அறுவை சிகிச்சையில் உள்ளே பொருத்துவார்கள், இன்னொன்றைக் காதுக்கு வெளியே மாட்ட வேண்டும். கையிலிருந்து செலவழித்தால் பல லட்சம் ஆகும். தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட தகுதியான குழந்தைகளுக்கு இது இலவசம். ஆறு வயது வரை இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் வேகம் முதல் மூன்று வருடத்தில்தான் அதிகம். மருமகன் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை என்று ஓடி ஓடி வாங்கினான். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் போகும் வழி அவனுக்கு மனப்பாடமானது.

அறுவை சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்துக் கருவியை இயக்கினார்கள். சினிமாவில் வருவது போலப் பேரன் சிரிக்கவில்லை. வீறிட்டு அழுதான். அதுவரை ஒன்றுமே இல்லாத இடத்தில் திடீரென்று ஏதோ நுழைந்தால் குழந்தை அழத்தானே செய்யும்?

அதற்குப் பிறகுதான் நீண்ட வேலை. வாரம் தவறாமல் பேச்சுப் பயிற்சி. வீட்டில் நாள் முழுக்கப் பேச வேண்டும். அந்தப் பொறுப்பை ஆச்சி எடுத்துக்கொண்டார். மகளும் பேரனும் கல்லிடைக்குறிச்சியிலேயே தங்கினார்கள். "இது உளுந்து மாவு. இது உப்பு. உருட்டுதேன் பாரு. இப்ப இடுதேன். வட்டமா வந்துட்டா?" நாலு வருடம் பேச்சைக் குறைத்திருந்தவர், ஒரே வருடத்தில் அத்தனையும் பேசித் தீர்த்தார்.

ஒரு மத்தியானம் பேரன் வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஆச்சி அடுப்படியிலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தட்டவில்லை, கையை ஆட்டவில்லை. பெயரை மட்டும் சொன்னார்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

இம்ப்ளாண்ட் எல்லோருக்கும் பொருந்தாது, எல்லோருக்கும் கிடைத்தும் விடாது. பாளையங்கோட்டைப் பள்ளி வாசலில் கைகளால் பேசிச் சிரித்த பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு ஒரு மொழி இருக்கிறது. கருவியோ, சைகையோ, மனிதனுக்கு ஒரு மொழி வேண்டும், பேச நாலு பேர் வேண்டும். மறைத்து வைத்தால் இரண்டுமே கிடைக்காது. பெரியவர்களுக்கும் அப்படித்தான். கேட்காமல் ஒதுங்கி ஒதுங்கி மனம் சோர்ந்துபோகிறது. டிமென்ஷியா எனும் மறதி நோய் வரும் ஆபத்தைக் கூட்டுகிறவையாக, ஆனால் நம்மால் மாற்றக்கூடியவையாக, மருத்துவ உலகம் அடையாளம் காட்டுகிறவற்றில் கவனிக்காமல் விட்ட கேளாமையும் ஒன்று.

பேத்தியின் கதையையும் சொல்ல வேண்டும். முதலில் வந்த வரன், பேரனின் காதையும் ஆச்சியின் காதையும் பார்த்துவிட்டு "ஜாதகம் சேரல" என்று சொல்லிப் போய்விட்டது. வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வரன் வரும்போது, "அத்தை, அன்னைக்கு ஒருநாள் மட்டும் கழட்டி வச்சிருங்களேன்" என்று மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கழட்டினா அவங்க கேக்கறது எனக்கு விளங்காது. கேட்டதுக்குச் சரியாப் பதில் சொல்ல வேண்டாமா?" என்றார் ஆச்சி. முடியை இன்னும் இறுக்கி முடிந்துகொண்டார். பேரனையும் மடியில் வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பேசினார்கள். காபி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா மெல்ல எழுந்து ஆச்சியோடு அடுப்படிக்கு வந்தார். கதவைப் பாதி சாத்தினார். ஆச்சியின் காதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இது எங்க வாங்கினீங்க? எங்க வீட்டுக்காரருக்கும் ரெண்டு வருஷமா... வெளிய சொல்லக்கூடாதுன்னு சொல்லுதாவ."

ஆச்சி எட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

"சத்தமாவே கேளுங்க மதினி" என்றார். "எனக்கு இப்ப நல்லாக் கேக்கும். அவியளுக்கும் கேக்கணும்லா?"